பழைய வூஃபர்: எது 'ஒரிஜினல்'?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் திருவிழாவுக்கு மைக் செட் போடுறவங்களிடம் பழைய 15 இன்ச் வூஃபருக்குத் தனி மரியாதை உண்டு. காயில் கருகினாலும் தூக்கிப் போட மாட்டாங்க. கோன் மாற்றி ஓட்டுவாங்க. நல்ல வேலைதான். என் சண்டை, விற்கும்போது அதன்மேல் ஒட்டப்படும் 'ஒரிஜினல்' என்ற சொல்லோடு.

ஃபிரேமும் காந்தமும் பல பத்தாண்டுகள் தாங்கும். ஓரத்து ஃபோம் தாங்காது. காற்றின் ஈரமே அதைச் சிதைத்துப் பொடியாக்கும். அதே அளவு ஃபோம் ஒட்டினால் பழைய சத்தம் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் கோன், ஸ்பைடர், வாய்ஸ் காயில் மூன்றையும் கிடைத்ததைப் போட்டு மாற்றினால், பழைய காந்தத்தில் உட்கார்ந்த புது ஸ்பீக்கர் அது.

கணக்கு சின்னதுதான். அசையும் பகுதியின் எடை 20 சதவீதம் கூடினால், மற்றதெல்லாம் மாறாவிட்டாலும், அதே சத்தத்துக்கு 100 வாட்ஸுக்குப் பதில் 144 வாட்ஸ் வேண்டும். இயல்பு அதிர்வெண்ணும் இறங்கும். பழைய பெட்டி பொருந்தாமல் போகலாம். வாங்கியவர் சத்தம் பத்தலைன்னு ஆம்ப்ளிஃபயரை முறுக்குவார். புதுக் காயிலும் கருகும்.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் காட்டினால் போதாது. 8 ஓம் வூஃபர் 6 சொச்சம் காட்டும். காயில் அறுபடவில்லை என்பதற்குமேல் அது பெரிதாக ஒன்றும் சொல்லாது. தீல்–ஸ்மால் அளவுகள் என்று சொல்வார்களே, அதை எடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

என்னென்ன மாற்றியது என்று பில்லில் எழுதித் தரலாமே? 'ஒரிஜினல்' என்ற சொல் வாங்குபவரை மட்டும் ஏமாற்றவில்லை. கோன் ஒட்டியவரின் கைவேலையையும் மறைத்துவிடுகிறது.