வண்டி ஏறிய ஓடம்

திருப்பாலைக்குடி என்றால் உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்காது. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் தாண்டி வடக்கே தொண்டிப் பக்கம் போகும்போது வருகிற கடலோர ஊர். பாக் விரிகுடா அங்கே பெரும்பாலான நாட்கள் குளம் மாதிரி சாதுவாகக் கிடக்கும். 2009-ல் கல்லூரி நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தபோது, நண்பனின் தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். கையில் கனமான ஒரு டப்பா.

‘‘அண்ணே, இதுல ஓப்பன் ஆபீஸ் ஓடுது பாருங்க!’’

நான் பி.காம். எனக்கு எக்ஸெல் ஓடினால் போதும், எது ஓடினாலும் கவலையில்லை. இருந்தாலும் வாங்கிப் பார்த்தேன். நோக்கியா என்810. செல்போன் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் சிம் கார்டே போட முடியாது. 2007 கடைசியில் வந்த ‘இன்டர்நெட் டேப்லெட்’. அமெரிக்காவில் விலை 479 டாலர். நாலு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான திரை, தள்ளினால் வெளியே வருகிற குட்டிக் கீபோர்டு, குத்துவதற்கு ஒரு குச்சி. துபாயில் இருந்த அண்ணன் முறைக்காரர் ஒருவர், தனக்கு உபயோகமில்லை என்று பையனிடம் தள்ளிவிட்டது.

நோக்கியா அதில் வைத்திருந்த லினக்ஸுக்குப் பெயர் மேமோ. சின்னத் திரைக்கென்றே தைத்த சட்டை. நம்ம பையனுக்கு அது போதவில்லை. டெபியன் என்கிற முழு லினக்ஸை, மேஜைக் கம்ப்யூட்டரில் ஓடுகிற அதே சாமானை, மெமரி கார்டில் ஒரு பெரிய ஃபைலாக ஏற்றி, மேமோவுக்குள்ளேயே குடிவைத்திருந்தான். ‘ஈஸி டெபியன்’ என்று யாரோ புண்ணியவான்கள் தயாராகச் செய்து வைத்திருந்தார்கள். வீட்டுக்குள் ஒரு அறையைத் தடுத்து வாடகைக்கு விடுகிற மாதிரி ஏற்பாடு. உள்ளே குடியிருக்கிறவருக்கு அந்த அறைதான் உலகம். அஸ்திவாரம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

இப்போது விமர்சனம். குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பொறுமை. 400 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர், 128 எம்.பி. நினைவகம். கணக்குத்தாள் திறப்பதற்குள் இன்னொரு வெற்றிலை போட்டுவிட்டேன். இரண்டு, இடம். பெரிய மானிட்டருக்காக வரைந்த மெனுக்கள் உள்ளங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிந்தன. எதையாவது மாற்றலாம் என்று ஒரு பெட்டியைத் திறந்தால், அதன் ‘ஓகே’ பட்டன் திரைக்குக் கீழே எங்கோ பாதாளத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க ஒரு வித்தை. மூன்று, தமிழ். எழுத்துருவைத் தனியாகப் போடும்வரை எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது என்றான்.

பையனின் அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். நாட்டுப் படகு, நண்டு வலை, நாற்பது வருஷக் கடல். அன்றைய பங்கைப் பையன் அதில் போட்டுக் காட்டினான். ஏலத்தில் வந்த தொகை, அதில் டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து, மீதி படகுக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு. விடை வருவதற்குள் பெரியவர் சிரித்துவிட்டார்.

‘‘இதை நான் கரைக்கு வரும்போதே மனசுல போட்டு முடிச்சிட்டேன் தம்பி. உப்புக் கையோட அந்தக் குச்சியை யாரு பிடிக்கிறது?’’

நியாயம்தானே? கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ‘பெரிய கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியதைச் சின்னதில் செய்வது வீண் ஜம்பம்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு வெளிவந்த கருவி விமர்சனங்கள் பலவற்றின் தொனியும் அதுதான்.

ஆனால் பையன் விடவில்லை. அப்பாவின் டைரியிலிருந்து ஒரு வருஷக் கணக்கை ராத்திரி ராத்திரியாக ஏற்றி வைத்திருந்தான். இந்தக் கரைகளில் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே பிடித்ததைக் கொடுக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். கிலோவுக்கு இவ்வளவு குறைச்சல் என்று விலையில் கழிப்பார்கள். தினம் தினம் பார்த்தால் சில்லறை. பையன் கீழே போய் ஒரே ஒரு கூட்டல் போட்டான். வருஷம் முழுக்கக் கழித்த தொகை, வாங்கிய முன்பணத்தைவிடப் பெரிதாக இருந்தது. முன்பணம் மட்டும் அப்படியே நின்றது.

பெரியவர் சிரிக்கவில்லை. திரையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனக்கணக்கு ஒரு நாளைக்குப் போதும். ஒரு வருஷத்துக்குப் போதாது. கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி என்று எனக்கு மூன்று வருஷம் காலேஜில் சொல்லித் தராததை, ஆமை வேகத்தில் ஓடிய அந்த டப்பா ஐந்து நிமிஷத்தில் சொல்லித் தந்தது.

‘இதற்கு லினக்ஸ் எதற்கு, கால்குலேட்டர் போதாதா?’ என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பையன் கையில் லேப்டாப் கிடையாது. கிடைத்தது அந்த டப்பா ஒன்றுதான். அதைத் தயாரித்த கம்பெனி ‘இது இணையம் மேய மட்டும்’ என்று நினைத்துச் செய்தது. வாங்கியவன் ‘இது கம்ப்யூட்டர்’ என்று நினைத்தான். நினைத்தபடி ஆக்கவும் முடிந்தது. எப்படி முடிந்தது என்பதுதான் விஷயம்.

மேஜைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் இன்டெல் வகைச் சில்லு. கையடக்கக் கருவியில் ‘ஆர்ம்’ வகை. இரண்டும் பேசும் பாஷை வேறு. ஒன்றுக்காகத் தயாரித்த புரோகிராம் மற்றதில் அப்படியே ஓடாது. மூல நிரல் கையில் இருந்தால் மட்டுமே மறுபடி சமைத்துப் பரிமாற முடியும். டெபியன்காரர்கள் 2000-ம் வருஷமே, தங்கள் 2.2 பதிப்பில், ஆர்முக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டார்கள். மூல நிரல் திறந்து கிடந்தது, செய்தார்கள். ஒன்பது வருஷம் கழித்துத் திருப்பாலைக்குடித் திண்ணையில் அது பந்தி பரிமாறியது.

எதிர்க் கணக்கையும் பாருங்கள். 2012-ல் மைக்ரோசாஃப்ட் ‘சர்ஃபேஸ் ஆர்டி’ என்று ஆர்ம் சில்லு டேப்லெட் விட்டது. பார்க்க விண்டோஸ், ஆனால் உங்களிடம் இருந்த பழைய விண்டோஸ் புரோகிராம் எதுவும் அதில் ஓடாது. 2013 ஜூலையில் அந்த வகையில் 90 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளினார்கள். உலகத்திலேயே பெரிய மென்பொருள் கம்பெனியால் முடியாததை, சம்பளம் வாங்காத சில பேர் முடித்து வைத்திருந்தார்கள் என்பது காமர்ஸ்காரனுக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம்.

அதற்காக லினக்ஸ் ரசிகர்கள் தோள் தட்டிக்கொள்ளவும் வேண்டாம். ஓடுவது வேறு, உதவுவது வேறு. நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து செய்த ‘சிம்ப்யூட்டர்’ நினைவிருக்கிறதா? அதுவும் கையடக்க லினக்ஸ்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இந்திய மொழியில் பேசிக் காட்டும் என்றார்கள். ஐபோனுக்கு மூன்று வருஷம் முன்பே, 2004-ல், ‘அமிடா’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வரை விற்றது நாலாயிரம் சொச்சம். கருவியில் பெரிய குறையில்லை. கிராமத்து மனுஷர் காலையில் எழுந்து அதில் என்ன செய்வார் என்கிற கேள்விக்குப் போதுமான புரோகிராம்கள் இல்லை.

அடுத்து 2011-ல் ‘ஆகாஷ்’. மாணவர்களுக்கு மலிவு டேப்லெட் என்று ஊரெல்லாம் தம்பட்டம். முதல் ரகத்தை வாங்கிய பையன்கள் நொந்துகொண்டார்கள். 2012 நவம்பரில் வந்த இரண்டாவது ரகத்துக்காக மும்பை ஐ.ஐ.டி.யில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஆண்ட்ராய்டுக்குள்ளேயே ஒரு லினக்ஸைக் குடிவைத்து, அதில் சி, பைத்தான், சைலேப் எல்லாம் ஓடச் செய்தார்கள். நம்ம திண்ணைப் பையன் செய்த அதே ‘அறை தடுக்கும்’ வேலை. படம் பார்க்கிற பலகையைப் பாடம் எழுதுகிற பலகையாக்கப் பார்த்தார்கள். அந்த முயற்சிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வெளிச்சம், விலையைப் பற்றிய சண்டையிலேயே போய்விட்டது.

நோக்கியா கதையும் அப்படித்தான். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டோடு கைகோத்தார்கள். அந்த லினக்ஸ் பாதையில் அதே வருஷம் வந்த என்9 தான் கடைசி. 2014 நவம்பரில் நம் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையும் மூடப்பட்டது. லினக்ஸைக் கைவிட்டதால்தான் மூடினார்கள் என்று சொல்ல மாட்டேன். வரித் தகராறு, விற்பனைச் சரிவு என்று பல காரணங்கள். ஆனால் கையில் இருந்த ஓடத்தை விட்டுவிட்டு அடுத்தவன் வண்டியில் ஏறியவர்கள் எங்கே இறங்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் தீர்ப்பு இதுதான். உள்ளங்கைக் கருவியில் மேஜை மென்பொருளை ஓட்டுவது, செளகரியம் என்று பார்த்தால் தோல்வி. உரிமை என்று பார்த்தால் வெற்றி. உங்கள் பையில் இருக்கும் போன் அந்த என்810-ஐவிடப் பல மடங்கு வேகம். ஆனால் அதில் எது ஓடலாம், எது கூடாது என்று முடிவு செய்வது நீங்களா? காசு கொடுத்தது நீங்கள். கணக்கு வேறு யார் கையிலோ. முன்பணம் கொடுத்த வியாபாரிதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

முழுக்க அவநம்பிக்கையும் வேண்டாம். 2025 மார்ச்சில் கூகிளே தன் பிக்ஸல் போன்களில் ஒரு டெர்மினலைத் திறந்துவிட்டது. அதற்குள் ஓடுவது என்ன தெரியுமா? அதே டெபியன். வண்டியும் ஒருநாள் ஓடம் ஏறும் என்று நம் ஆட்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

சமீபத்தில் மறுபடி திருப்பாலைக்குடி போனேன். தம்பி இப்போது குடும்பஸ்தன். அப்பாவுக்காக அவன் எழுதிய சின்ன புரோகிராம் போனில் ஓடுகிறது. தமிழில், கொட்டை எழுத்தில், ஐந்தே கட்டங்கள். மெனு கிடையாது. பாதாளத்தில் ஒளிகிற ‘ஓகே’ கிடையாது. அந்தப் பழைய டப்பாவோடு மல்லுக்கட்டித்தான் எழுதக் கற்றுக்கொண்டேன் என்றான். அந்த முன்பணத்தை அடைத்துப் பல வருஷம் ஆகிறதாம்.

பெரியவர் தினமும் அதில் விரலால் தட்டுகிறார். டைரியிலும் எழுதுகிறார். ‘‘ரெண்டும் எதுக்கு?’’ என்று கேட்டேன்.

‘‘டைரிக்குச் சார்ஜு போட வேணாம்ல தம்பி!’’