முடிவு தெரியாத மேடை
ஒரு மல்யுத்த வீடியோ விளையாட்டைப் பற்றிய மதிப்பீடு

முடிவு முன்னரே தெரிந்த ஆட்டத்தைக் காண மக்கள் ஏன் கூடுகிறார்கள் என்னும் கேள்வி புதியதன்று. பாரதக் கூத்தின் இறுதி நாளில் துரியோதனன் வீழ்வான் என்பதை அறியாத பார்வையாளர் எவருமிலர். ஆயினும் மக்கள் விடியும்வரை கண்விழித்துக் காத்திருக்கின்றனர். என்ன நிகழும் என்பதைவிட அது எவ்வாறு நிகழும் என்பதிலேயே அவர்களுடைய உள்ளம் தோய்ந்திருக்கிறது.

அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தமும் இவ்வகையைச் சார்ந்ததே. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த், 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' என்னும் நூலின் முதற்கட்டுரையை மல்யுத்தத்திற்கே ஒதுக்கினார். அதனைப் போட்டி என்று கொள்ளாமல், துன்பமும் தோல்வியும் நீதியும் கண்முன் உருப்பெறும் நாடகம் என்று அவர் கண்டார். இவ்வுண்மையை அத்தொழிலினரே ஒப்புக்கொள்ள மேலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. நியூ ஜெர்சி மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும் பொருட்டு, தமது ஆட்டம் வெறும் கேளிக்கையே என்று உலக மல்யுத்தக் கூட்டமைப்பினர் 1989இல் அம்மாநிலச் சட்டமன்றத்தின் முன் கூறினர்.

இத்தகைய நாடகத்தை வீடியோ விளையாட்டாக மாற்ற முனைவோர்க்கு ஓர் இக்கட்டு நேர்கிறது. விளையாட்டு என்றால் வெற்றி தோல்வி முன்கூட்டித் தெரியலாகாது. மல்யுத்தக் காட்சியிலோ அது எழுதி வைக்கப்பட்டது. எழுதி வைத்ததை நீக்கினால் எஞ்சுவது வெறும் அடிதடி. நீக்காவிட்டால் விளையாடுவோர்க்கு வேலையில்லை. பலர் முதல் வழியையே தேர்ந்தனர். இதற்கு வேறொரு விடை கண்ட படைப்பு என்னும் தகுதியினாலேயே 'டபிள்யூ.டபிள்யூ.எஃப். நோ மெர்சி' என்னும் விளையாட்டை இங்கே ஆராய விழைகிறோம்.

படைப்பும் பின்னணியும்

ஜப்பானிய நிறுவனங்களான ஏ.கே.ஐ., அஸ்மிக் ஏஸ் ஆகியவை உருவாக்கிய இதனை டி.எச்.க்யூ. நிறுவனம் 2000ஆம் ஆண்டு நவம்பரில் நின்டெண்டோ 64 கருவிக்காக வெளியிட்டது. 1996இல் சந்தைக்கு வந்த அக்கருவியின் வாழ்நாள் அப்போது முடிவை நெருங்கியிருந்தது. 1997இல் 'வேர்ல்டு டூர்', 1998இல் 'ரிவெஞ்ச்', 1999இல் 'ரெசில்மேனியா 2000' என ஆண்டுக்கொன்றாய் வந்த வரிசையில் இது இறுதியானது. ஒரே கைத்திறனைப் பன்முறை தீட்டிக் கூர்மையாக்கியதன் பயனை இதில் தெளிவாகக் காணலாம்.

நாம் இதனை அறிந்தது அண்மையில்தான். அயல்நாட்டில் பணியாற்றித் திரும்பிய உறவினர் ஒருவர் கொணர்ந்த பழைய பெட்டியொன்றில் கருவியும் கார்ட்ரிட்ஜும் இருந்தன. கோடை விடுமுறைக்கு வந்திருந்த தமக்கையின் மகன் அதனை இயக்கிக் காட்டினான். நான்கு கைப்பிடிகளை இணைத்து நால்வர் ஒருங்கே ஆடத்தக்க அக்கருவியின் முன் வீட்டிலுள்ளோர் அமர்ந்துவிட்டனர். வேடிக்கை பார்க்கச் சென்ற நாமும் அவர்களுள் ஒருவரானோம்.

கூட்டமே நடுவர்

சண்டை விளையாட்டுகளில் பொதுவாக ஒவ்வொரு வீரனுக்கும் உயிர்வலிமையைக் காட்டும் கோடு ஒன்று உண்டு. அடி விழுந்தோறும் அது குறையும். தீர்ந்ததும் ஆட்டம் முடியும். 'நோ மெர்சி'யில் அக்கோடு இல்லை. அதற்கு மாறாக, கூட்டத்தின் கவனத்தையும் வீரனின் ஊக்கத்தையும் ஒருங்கே அளக்கும் ஒரு கோடு உள்ளது. நன்றாக அடித்தால் அது ஏறும். அடி வாங்கினால் இறங்கும். எதிரியை வீழ்த்திவிட்டுக் கூட்டத்தை நோக்கிக் கையுயர்த்தி வீறாப்புக் காட்டினாலும் ஏறும். அது உச்சத்தை எட்டும்போதுதான் அவ்வீரனுக்கே உரிய முடிவாட்டத்தைப் பிரயோகிக்க இயலும்.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரி தரையில் கிடக்கிறான். அவனை உடனே மிதிக்கலாம். அல்லது அந்நொடியைக் கூட்டத்திற்கு ஈந்து தோள் குலுக்கி நிற்கலாம். இரண்டாவதைச் செய்பவன் எதிரிக்கு எழ வாய்ப்பளிக்கிறான்; ஆயினும் ஊக்கம் பெறுகிறான். போட்டி அறிவு இதனை மடமை என்னும். நாடக அறிவோ இதுவே முறை என்னும். விளையாடுபவன் எவரும் சொல்லிக் கொடாமலே நடிகனாகிவிடுகிறான். வெல்ல விரும்பும் சிறுவனும் அழகாக வெல்ல வேண்டியவனாகிறான்.

பிடிகளின் அமைப்பும் எளிது. பொத்தானைத் தட்டினால் மென்பிடி. அழுத்திப் பிடித்தால் வன்பிடி. அதன்பின் திசைக்கேற்ப வெவ்வேறு வீச்சுகள் பிறக்கின்றன. வன்பிடிக்கு நேரம் கூடுதலாதலால் அது முறியடிக்கப்படும் வாய்ப்பும் மிகுதி. எனவே ஆட்டம் மெல்லத் தொடங்கி, இடையில் சூடேறி, இறுதியில் கொந்தளிக்கிறது. நல்ல மல்யுத்தக் காட்சியின் ஏற்ற இறக்கம் விதிகளின் உள்ளிருந்தே எழுகிறது. முடிவை எழுதி வைக்காமலே நாடகத்தை நிகழ்த்துவது எப்படி என்னும் கேள்விக்கு இதைவிடச் சிறந்த விடையை நாம் கண்டதில்லை.

தோற்றவனுக்கும் ஒரு கதை

இரண்டாவது சிறப்பு, பட்டங்களுக்கான தொடர்கதை. ஒவ்வொரு பட்டத்திற்கும் தனிக்கதை உண்டு. ஏனைய விளையாட்டுகளில் தோற்றால் திரும்ப ஆட வேண்டும். வெல்லும்வரை கதவு திறவாது. இதிலோ தோற்றவனுக்கும் கதை வேறொரு கிளையில் தொடர்கிறது. சில காட்சிகளைத் தோற்றவனே காண இயலும். முழுமையையும் அறிய விரும்புவோர் வெற்றியின் வழியில் மட்டும் நடந்தால் போதாது.

தோல்வியை வெறும் தடையாகக் கருதாமல் ஒரு பாதையாக ஏற்கும் இப்பண்பு, மதிப்பெண்ணும் தரவரிசையுமே வாழ்வென்று வளரும் இளையோர் கையிலுள்ள ஒரு விளையாட்டில் அமைந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

குறைகள்

குறைகளையும் மறைப்பதற்கில்லை. முதலில் வெளிவந்த கார்ட்ரிட்ஜுகள் சிலவற்றில் சேமித்து வைத்த விவரங்கள் யாவும் தாமே அழிந்துபோகும் பிழை இருந்தது. பல நாள் உழைத்துப் பெற்ற பட்டங்களும் உருவாக்கிய வீரர்களும் ஒரு காலையில் மறைந்துவிடுவதை எந்தச் சிறுவன் பொறுப்பான்? நால்வர் ஒருங்கே அரங்கில் நின்றால் காட்சி தளர்ந்து மந்தமாகிறது. வர்ணனைக் குரல் இல்லை. வீரர்கள் அரங்கிற்குள் நுழையும் காட்சி துண்டுபட்டு நிற்கிறது. குறுந்தகட்டைப் பயன்படுத்திய பிளேஸ்டேஷன் கருவியின் மல்யுத்த விளையாட்டுகள் இவற்றில் முந்தியிருந்தன.

பெண்களைப் பற்றிய பார்வையிலும் முரண் உண்டு. 1999 அக்டோபரில், இதே 'நோ மெர்சி' என்னும் பெயர் கொண்ட நிகழ்ச்சியில், சைனா என்னும் வீராங்கனை ஜெஃப் ஜாரெட்டை வீழ்த்தி இன்டர்கான்டினென்டல் பட்டத்தை வென்றார். ஆடவரோடு நிகராய் மோதும் அவ்வுரிமையை விளையாட்டும் பெண்களுக்கு வழங்குகிறது. எனினும் அவர்களை அலங்காரப் பொருளாகக் காட்டிய அக்காலத் தொலைக்காட்சியின் இழிந்த சுவையிலிருந்து அது விடுபடவில்லை.

எழுந்து நிற்கும் உடல்கள்

இவற்றினும் பெரிதான ஒன்று நம்மை வருத்தியது. ஒருநாள் மாலை தமக்கையின் மகன் கிரிஸ் பென்வாவைத் தேர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். "மாமா, இவர் இப்பவும் சண்டை போடுறாரா?" என்று கேட்டான். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை.

பென்வா 2007 ஜூனில் தம் மனைவியையும் இளம் மகனையும் கொன்று, தாமும் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையைப் பின்னர் ஆராய்ந்த மருத்துவர்கள், தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் விளைந்த கடும் சிதைவை அதில் கண்டதாக அறிவித்தனர். அதே வீரர் பட்டியலிலுள்ள எடி கெரேரோ 2005இல், முப்பத்தெட்டாம் வயதில், இதயம் செயலிழந்து இறந்தார். சைனா 2016இல் மறைந்தார். திரையில் இவர்கள் அனைவரும் இளமையோடு நிற்கின்றனர். இரும்பு நாற்காலியால் தலையில் ஓங்கி அடித்தாலும் சற்றே தள்ளாடி மீண்டும் எழுகின்றனர்.

இவ்விடத்தில்தான் விளையாட்டும் அது பின்பற்றிய நாடகமும் எதிரெதிராய் நிற்பதைக் காண்கிறோம். மல்யுத்த அரங்கில் முடிவு பொய், வலி மெய். வீடியோ விளையாட்டில் முடிவு மெய்; வலி பொய். விளையாட்டில் வலி பொய்யாயிருப்பதே முறை. அதற்காக எவரும் அதனைக் குறைகூற மாட்டார். ஆனால் அரங்கின் வலியும் பொய்யே என்று காண்போர் நம்புவதற்கு அது துணைபோகக் கூடாது. தலையில் நாற்காலியால் அடிப்பதை நிறுவனம் தடைசெய்தது 2010இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கைதட்டிய கூட்டத்தின் பங்கு என்ன? கூட்டத்தின் ஆரவாரமே வீரனுக்கு ஊக்கம் என்று இவ்விளையாட்டு அழகாகக் கணக்கிடுகிறது. அந்த ஆரவாரத்திற்காக வீரன் தன் உடலில் செலுத்திய விலையைக் காட்டும் கோடு ஏதும் அதில் இல்லை.

எனவே இதனை இளையோர் ஆடலாகாது என்று நாம் கூறவில்லை. அமைப்பின் நேர்த்தியில் இது முதன்மையானது. அதன் ஆக்கத்தில் பங்கேற்ற ஹிடேயுகி இவாஷிதா பொறுப்பேற்று 2023இல் வெளிவந்த 'ஃபைட் ஃபாரெவர்' என்னும் விளையாட்டும் இதனையே முன்மாதிரியாய்க் கொண்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் வழிகாட்டும் படைப்புகள் மிகச் சிலவே.

நாம் வேண்டுவது ஒன்றுதான். உடன் அமர்ந்து பார்க்கும் பெரியோர், பிள்ளைகள் கேட்கும்போது விடை கூற வேண்டும். அன்று மாலை சற்றுத் தயங்கிய பின் நாம் உண்மையைக் கூறினோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கைப்பிடியை எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தான். தரையில் கிடந்த எதிரியின் அருகே நாற்காலி இருந்தது. அதனை எடுக்காமல் அவன் எழும்வரை காத்திருந்தான்.