கரி பொறுக்கிய கைகள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், உறவினர் இல்லமொன்றில் ‘காக்கா முட்டை’ படத்தை மறுமுறை காணும் வாய்ப்பு நமக்கு அண்மையில் கிட்டியது. மணிகண்டன் இயக்கி 2015 ஜூனில் திரைக்கு வந்த இப்படம், சிறந்த குழந்தைகள் படத்திற்கான தேசிய விருது பெற்றது. நடித்த சிறுவர் இருவர்க்கும் சேர்த்து விருது கிடைத்தது.

முதன்முறை நம் கண்ணில் பட்டது பீட்சா. இம்முறை பட்டது கரி.

சென்னைக் குடிசைப் பகுதியில் அண்ணன் தம்பி இருவர். தந்தை சிறையில், அவரை மீட்கும் கவலையில் தாய் உழைத்து ஓய்கிறாள். வாப்பா உயிரோடிருந்தும் எத்தீம்களைப் போல, பள்ளியை விட்ட பிள்ளைகள் இருப்புப்பாதையோரம் சிந்திய நிலக்கரியைப் பொறுக்கி விற்கின்றனர். காக்கைக் கூடிருந்த மரம் வீழ்த்தப்பட்டு, அவ்விடத்தில் கடை எழுகிறது. ஏறத்தாழ 300 ரூபாய்ப் பண்டத்திற்காகக் காசு சேர்க்கின்றனர். காசிருந்தும் உடை கண்டு விரட்டப்படுகின்றனர். நல்லுடை உடுத்தி வந்தும் அறை வாங்குகின்றனர்.

ஜப்பானிய இயக்குநர் கோரே-எடா, 1988இல் தோக்கியோவில் நடந்த நிகழ்ச்சியொன்றைத் தழுவி 2004இல் ஒரு படம் எடுத்தார். தாய் விட்டகன்ற பிள்ளைகள் நால்வர், பூட்டிய கதவுக்குள் தாமே பிழைக்கின்றனர். அங்கே அண்டை வீட்டார் அறியார். இங்கோ ஊரே அறியும். கரியை எடைபோட்டு வாங்குகிறவனும் அறிவான். ஆகவே அந்தத் தாயைக் குற்றவாளியாக்காத மணிகண்டனின் நேர்மையை நாம் போற்றுகிறோம்.

குறையும் உண்டு. அறை விழுந்த பின்னர், படம் பேரம் பேசுவோரின் பின்னாலும் தொலைக்காட்சிப் பரபரப்பின் பின்னாலும் ஓடிவிடுகிறது. நகைச்சுவை நன்றாகத்தான் இருக்கிறது, நாமும் சிரித்தோம். ஆனால் சிறுவர் கரி சுமப்பது இடையில் எங்கோ மறைந்துபோகிறது. இரயில்வேத் தொழிலாளியான பழரசம், கரி குவிந்த இடத்தையே காட்டிக்கொடுப்பது அன்பாக மட்டுமே தீட்டப்பட்டிருக்கிறது. அன்புதான். பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வன்பு போதுமா?

இவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று உண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக்கும், கற்கும் மாணவர்தம் உணவுக்கும் எண்ணெய்க்கும் அளவு குறித்து வைத்த கணக்கு அது. பிற்பகல் அதைக் கண்டு திரும்பியபின்தான் படத்திற்கு அமர்ந்தோம்.

இறுதியில் பீட்சாவைச் சுவைத்த சிறுவர், மறைந்த ஆயா சுட்ட தோசையே மேலென்கின்றனர். வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். சிறுமி ஒருத்தி மட்டும் நம் பக்கம் திரும்பி, “மாமு, அந்தப் பிள்ளைங்க மறுநாள் பள்ளிக்கூடம் போனாங்களா?” என்று கேட்டாள்.