கம்பளிக்கு ஒத்துவராத வட்டம்

கார்ப்பெட் கழுவும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் ஒரு வட்டம் இருக்கும். நான்கு துண்டாகப் பிரித்த வட்டம். ரசாயனம், வெப்பம், தேய்ப்பு, நேரம். அழுக்கு போகணும்னா இந்த நாலும் வேணும். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டிக்கலாம். தண்ணீர் சூடாக இல்லையா, மருந்தைக் கொஞ்சம் கூட்டு. மருந்து கம்மியா, இன்னும் கொஞ்சம் தேய். நேரம் இல்லையா, மூன்றையும் ஏற்று. இவ்வளவுதான் பாடம்.

இதைச் சொன்னவர் ஹெர்பர்ட் சின்னர். ஜெர்மனியின் ஹென்கல் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதியியலாளர். 1959 வாக்கில், வீட்டு வாஷிங் மெஷினில் துணி எப்படி வெளுக்கிறது என்பதை விளக்க அவர் போட்ட கணக்கு இது. அதனால் இதற்குச் 'சின்னர் வட்டம்' என்றே பெயர். பாத்திரம் கழுவ, தரை துடைக்க, ஆஸ்பத்திரிக் கருவி சுத்தம் செய்ய என்று எல்லா இடத்துக்கும் அது போய்விட்டது. போனதில் தப்பில்லை. எளிமையானது, ஞாபகம் நிற்கும், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

கம்பளி விரிப்பில் மட்டும் அது தப்பான இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் விடுகிறது என்பது என் வாதம். வட்டம் பொய் என்று சொல்லவில்லை. அது பாதிக் கணக்கு என்கிறேன். அழுக்கு எப்படிப் போகும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. துணிக்கு என்ன ஆகும் என்ற வரி அதில் கிடையாது.

பருத்தியாக இருந்தால் அந்த வரி இல்லாதது பெரிய குறையில்லை. நம்ம ஊர் வெள்ளாவியை நினைத்துப் பாருங்க. உவர்மண் காரத்தில் துணியை ஊறப்போட்டு, ஆவியில் வேகவைத்து, கல்லில் அடித்துத் துவைத்தார்கள். காரம், சூடு, அடி, நேரம் நாலுமே உச்சத்தில். அதற்கப்புறமும் வேட்டி வேட்டியாகத்தான் இருந்தது. செல்லுலோஸுக்குக் காரத்தைத் தாங்கும் குணம் உண்டு. குளிர்ந்த காஸ்டிக் சோடாவில் பருத்தி நூலை இழுத்துப் பிடித்து நனைத்தால் அது பளபளப்பும் பலமும் கூடி வெளியே வரும்; மெர்சரைசிங் என்பது அதுதான்.

கம்பளி செல்லுலோஸ் இல்லீங்க, கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடியும் நகமும் எதுவோ அதுவே. ஒரு துணியில் பருத்தி எவ்வளவு, கம்பளி எவ்வளவு என்று பார்க்க ஜவுளிச் சோதனைக்கூடத்தில் ஒரு பழைய வழி உண்டு. 5 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் துணியைக் கொதிக்க வைப்பார்கள். சில நிமிஷத்தில் கம்பளி கரைந்து காணாமல் போகும், பருத்தி மிச்சமாக நிற்கும். ஒரே ரசாயனம், ஒரே கொதி, இரண்டு முடிவு. சின்னர் வட்டம் இந்த இரண்டுக்கும் ஒரே படத்தைக் காட்டுகிறது.

துண்டு துண்டாகப் பார்ப்போம்.

முதலில் ரசாயனம். நைலான் கார்ப்பெட்டுக்கு அடிக்கும் முன்ஸ்ப்ரேக்கள் பல பிஎச் 10, 11 வரை போகும். எண்ணெய்ப் பசை விட அது நன்றாக வேலை செய்யும். கம்பளிக்கு 8.5-ஐத் தாண்டாதே என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் எல்லை. 8.5-க்கும் 10.5-க்கும் நடுவே இரண்டு எண்தானே என்று தோன்றும். பிஎச் அளவு மடக்கை அளவு. இரண்டு எண் ஏறினால் காரத்தன்மை 100 மடங்கு. கம்பளி இழையின் புரதச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைக் காரம் அறுக்கிறது. இழை மஞ்சளாகும், சொரசொரப்பாகும், பலம் குறையும். குளோரின் பிளீச் இன்னும் மோசம், இழையையே கரைத்துவிடும். புரதக் கறைக்கென்று விற்கும் என்சைம் பவுடர்களையும் இங்கே சேர்க்கணும். ரத்தக்கறையைத் தின்கிற புரோட்டியேஸ் கம்பளியையும் தின்னும். அதற்கு இரண்டுமே புரதம்.

'பிஎச் நியூட்ரல்' என்று பாட்டிலில் போட்டிருந்தால் போதுமா? அந்த எண் பாட்டிலுக்குள் இருக்கும் திரவத்துக்கா, கலக்கிய பின் வரும் கரைசலுக்கா என்று பார்க்கணும். அதோடு, ஒரே பிஎச் காட்டும் இரண்டு கரைசல்களில் ஒன்றை நடுநிலைக்குக் கொண்டுவர ஒரு மூடி வினிகர் போதும், இன்னொன்றுக்கு அரை பாட்டில் வேண்டியிருக்கும். பிஎச் எண் அந்தக் கரைசலின் பிடிவாதத்தைச் சொல்வதில்லை.

அடுத்து வெப்பம். இங்கே குறை எதிர்ப்பக்கம் இருக்கிறது. 'கம்பளியில் சூடான தண்ணி படவே கூடாது'ன்னு பலர் வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். ஆட்டிலிருந்து வெட்டிய கம்பளியின் கொழுப்பைப் போக்க 60 டிகிரி சுற்றிலும் உள்ள தண்ணீரில்தான் அலசுகிறார்கள். சாயம் போடும்போது கிட்டத்தட்டக் கொதிநிலை வரைக்கும் போகிறது. அப்போதெல்லாம் கெடாத கம்பளி வாடிக்கையாளர் வீட்டு ஹாலில் மட்டும் எப்படிக் கெடுகிறது? சாயத்தொட்டி அமிலப் பக்கம் இருக்கும். அலசும் தொட்டியில் கம்பளியைப் போட்டு அடிப்பதில்லை. சூடு மட்டும் தனியாக வந்தால் கம்பளி சமாளிக்கும். சூட்டோடு காரமோ தேய்ப்போ சேர்ந்தால்தான் வினை.

ஆக, வட்டத்தின் துண்டுகள் ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணமே இங்கே உடைகிறது. கம்பளியில் அவை சேரச் சேரச் சேதம் பெருகுகிறது. சூட்டைக் கூட்டி மருந்தைக் குறைக்கலாம், அது நியாயம். நேரம் இல்லை என்று மூன்றையும் ஏற்றுவதற்குத்தான் அந்த வட்டம் நடைமுறையில் பயன்படுகிறது.

மூன்றாவது தேய்ப்பு. கம்பளி இழையின் மேல் ஓடு வேய்ந்த மாதிரி செதில்கள் உண்டு, எல்லாம் நுனியைப் பார்த்தபடி. ஈரத்தில் இழைகளை உரசவிட்டால் அவை ஒரே திசையில் நகர்ந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஃபெல்ட் உருவாவது இப்படித்தான். பூட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. சுழலும் பிரஷ்ஷை ஈரக் கம்பளத்தில் வட்டமாக ஓட்டினால் மேலே நிற்கும் இழைகளின் முறுக்கு அவிழ்ந்து, நுனி பஞ்சாகி, வெளிச்சத்தில் வட்ட வட்டமாகத் தழும்பு தெரியும். கைவேலைக் கம்பளத்தில் இழைகள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பிரஷ் அந்தச் சாய்வோடு போகணும், எதிர்த்து அல்ல.

நான்காவது நேரம். மருந்தை ஊறவிடும் நேரம் என்றுதான் வட்டம் இதைப் புரிந்துகொள்கிறது. கம்பளியில் அதைவிட முக்கியமான நேரம் காயும் நேரம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாகவே உறிஞ்சிவிட்டு, தொட்டால் ஈரம் தெரியாத மாதிரி இருக்கும். மேலே காய்ந்தாச்சுன்னு கை சொல்லும், அடியில் பருத்திப் பாவு ஈரமாகவே இருக்கும். பூஞ்சை பிடித்தால் பாவு இற்றுவிடும். பிறகு கம்பளத்தை மடிக்கும்போது அட்டை முறிகிற சத்தம் கேட்கும். சணல் முதுகு வைத்த மெஷின் கார்ப்பெட்டில் வேறு தொல்லை. தண்ணீர் இழை நுனி வழியாக ஆவியாகும்போது சணலின் பழுப்பையும் கூடவே மேலே இழுத்து வரும். அழுக்கு போகவில்லை என்று நினைத்து மறுபடி நனைப்பார்கள். பழுப்பு இன்னும் கூடும்.

வட்டத்தில் இல்லவே இல்லாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, உலர் மண். கம்பளத்தின் வேரில் தங்கியிருப்பதில் பெரும்பகுதி மணலும் தூசியும். அதற்கு மருந்தும் வேண்டாம், சூடும் வேண்டாம். கம்பளத்தைக் குப்புறப் போட்டு முதுகிலிருந்து அதிரவைத்தால் கொட்டும். அந்தக் காலத்தில் பிரம்பால் அடித்தார்கள், இன்று அதிர்வு மெஷினும் காற்றழுத்தமும். இதைச் செய்யாமல் தண்ணீர் விட்டால் மணல் சேறாகும். அந்தச் சேற்றை எடுக்கத்தான் மருந்தைக் கூட்டுகிறோம், தேய்ப்பைக் கூட்டுகிறோம். அதாவது வட்டத்துக்கு வெளியே விட்ட ஒரு வேலைக்கு வட்டத்துக்குள் விலை கொடுக்கிறோம்.

இன்னொன்று, இது என்ன பொருள் என்ற கேள்வி. சாரூக் என்ற ஈரானியக் கம்பளங்களின் கதையை எடுத்துக்கலாம். 1920-களில் அராக் வட்டாரத்திலிருந்து அமெரிக்காவுக்கு ஏராளமாகப் போனவை. அங்கே வாங்குபவர்களுக்கு அந்த நிறம் ஒத்துவரவில்லை. அதனால் நியூயார்க்கில் இறங்கியதும் ரசாயனத்தில் வெளுத்து, அதன் மேல் கையால் தூரிகை பிடித்துக் கருஞ்சிவப்புச் சாயம் பூசி விற்றார்கள். முதுகைத் திருப்பிப் பார்த்தால் இளஞ்சிவப்பு, முகத்தில் மெரூன். ஏற்கெனவே ஒருமுறை கெடுக்கப்பட்ட இழை, மேலே பூசிய நிறம். இன்று அது வேலைக்கு வந்தால் பாட்டிலில் எழுதிய எண் என்ன காப்பாற்றும்? முதுகைத் திருப்பிப் பார்த்த கைதான் காப்பாற்றும்.

சாயம் பற்றியும் வட்டம் பேசாது. கம்பளியில் பெரும்பாலும் இருக்கும் அமிலச் சாயங்கள் மின்னூட்ட ஈர்ப்பில் இழையோடு ஒட்டியிருப்பவை. காரம் கூடினால் அந்தப் பிடி தளரும், சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கும். அதனால்தான் கடைசி அலசலில் அசிட்டிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு நிறத்திலும், உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே கரைசலை ஊற்றி, வெள்ளைப் பருத்தித் துணியைச் சில நிமிஷம் அழுத்திப் பார்ப்பது தவிர வேறு குறுக்கு வழி கிடையாது. ஓரத்தில் ஒரு நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் முடிவு கட்டக் கூடாது.

கம்பளிப் பெயரில் வருவதெல்லாம் கம்பளியா என்பதும் இதே கேள்வி. 'கம்பளியும் பட்டும்' என்று விற்ற விரிப்பில் பட்டு என்பது விஸ்கோஸாக இருக்கும். நனைந்தால் விஸ்கோஸின் பலம் ஏறக்குறையப் பாதியாகும். காய்ந்ததும் மினுமினுப்பு போய் விறைக்கும். இரண்டு நூலை எடுத்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தானே அணையும். விஸ்கோஸ் காகிதம் மாதிரி எரியும். நைலான் உருகிக் கெட்டி மணியாகும். இரண்டு நிமிஷ வேலை.

இத்தனை நாள் இந்த வட்டம் எப்படிக் கேள்வியில்லாமல் ஓடியது? எனக்கு இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, கூலி. ரூமுக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும் தொழிலில் முதலில் வெட்டுப்படுவது நேரம். 'நேரத்தைக் குறை, மற்றதைக் கூட்டு' என்று சொல்லும் ஒரு படம் முதலாளிக்கு ரொம்ப வசதி. அவசரத்துக்கு அது அறிவியல் சட்டை மாட்டிவிடுகிறது. இன்னொன்று, கம்பளியின் பொறுமை. ஒரு தடவை காரம் பட்டதும் அது கிழிந்து காட்டாது. முதல் கழுவலில் சொரசொரப்பு, இரண்டாவதில் மஞ்சள், நான்காவதில் இழை உதிர்வு. அன்றைக்குக் கழுவ வந்தவர் தலையில் பழி விழும். முதல் மூன்று முறை மருந்தைக் கூட்டி அடித்தவர் காசு வாங்கிக்கொண்டு போய் வருஷமாகியிருக்கும்.

வட்டத்துக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லணும். வெறும் மருந்தை நம்பாதே, நாலையும் யோசி என்று அது புதியவருக்குக் கற்றுத்தருகிறது. அதைக் கிழித்துப் போட வேண்டாம். கம்பளி வரும்போது அந்த நான்கு துண்டையும் செலவுக் கணக்காகப் படிக்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். ஒவ்வொரு துண்டிலும் செய்யும் வேலை எவ்வளவு, அதற்கு இழை கொடுக்கும் விலை எவ்வளவு என்று இரண்டு எண்ணாக. அப்படிப் படித்தால் வேலையின் வரிசை தானாகவே மாறும். முதலில் அடையாளம் காண்பது, பிறகு மண்ணை உலர்வாகக் கொட்டுவது, நிறம் நிறமாகச் சாயச் சோதனை, லேசான கரைசல், சாய்வோடு போகும் மென்மையான பிரஷ், தண்ணீர் தெளியும்வரை அலசல், அமில முடிப்பு, நீரைப் பிழிந்தெடுத்து இருபக்கமும் காற்றுப்பட வேகமாக உலர்த்தல். எட்டு படிகளில் மருந்தைக் கூட்டு என்ற படி எங்கேயும் வரவில்லை பாருங்க.

விரிப்பைக் கழுவக் கொடுக்கிறவர்களுக்கும் இதில் ஒரு சோதனை இருக்கிறது. வருகிறவர் எந்த மருந்து அடிப்பார் என்று கேட்காதீங்க, பாட்டிலைக் காட்டுவார். தண்ணீர் விடுவதற்கு முன்னால் என்ன செய்வீங்கன்னு கேளுங்க. 'நேரா ஸ்ப்ரேதான்'னு பதில் வந்தால், அவர் படித்தது அந்த வட்டத்தை மட்டும்தான்.