வந்தவரும் வழிகாட்டுபவரும்: புலம்பெயர் சிறார் படநூல்கள் இரண்டு

புதிய நாட்டில் குடியேறிய குழந்தை அந்நாட்டைத் தன்னுடையதாக உணர்வது எப்போது? சிறார் படநூல்கள் இவ்வினாவிற்குத் தரும் விடைகள் ஒரு தன்மையன அல்ல. பினாங்குத் தமிழ் வகுப்பறையை மனத்திற்கொண்டு, இரு நூல்களை இங்கு ஒப்புநோக்குவோம்.

யாங்சுக் சோய் எழுதி ஓவியம் தீட்டிய ‘தி நேம் ஜார்’ 2001இல் வெளிவந்தது. கொரியாவிலிருந்து அமெரிக்கா சென்ற யூன்ஹே என்னும் சிறுமியின் பெயரைப் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் கேலி செய்கின்றனர். வகுப்பில் அவள் பெயர் சொல்லத் தயங்கவே, மாணவர்கள் ஒரு சாடியில் பெயர்களை எழுதிப் போட்டு, விரும்பியதைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றனர். அவளோ பாட்டி தந்த மரமுத்திரையில் பொறித்த தன் பெயரையே ஏற்கிறாள். தோழன் ஜோயியும் கொரிய மொழியில் தனக்கொரு செல்லப்பெயரைப் பெறுகிறான். வந்தவள் மட்டுமன்றி முன்பே இருந்தவனும் ஓரடி நகர்வது இந்நூலின் சிறப்பாகும். ஆயினும் வகுப்பறையில் கொரிய மொழிக்குக் கிடைத்த இடம் பெயரளவிலேயே நின்றுவிடுகிறது.

ஷான் டானின் ‘தி அரைவல்’ (2006) சொற்களே இல்லாத படநூல். டானின் தந்தையார் மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலியா சென்றவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. மனைவியையும் மகளையும் பிரிந்து முன்னே செல்லும் ஒருவனின் பயணமே கதை. அந்நாட்டின் எழுத்து ஓவியரின் கற்பனையே. எனவே படிப்பவரும் அவனைப் போலவே எழுத்தறியாதவராகின்றனர். அவன் மருத்துவச் சோதனைக்கு உட்படும் காட்சிகள் நியூயார்க்கின் எல்லிஸ் தீவை நினைவூட்டுவன. நமக்கோ அவை ஜெரெஜாக் தீவை நினைவூட்டும். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த தொழிலாளர் பலர் பினாங்கில் கரையிறங்குமுன் அத்தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டனர்.

இந்நூலிலும் ஒரு குறை உண்டு. மகள் தொடக்கத்திலும் இறுதியிலுமே முதன்மை பெறுகிறாள். அவள் புதுமொழியுடன் பட்ட பாடு காட்டப்படவில்லை. எனினும் கடைசிப் படம் அக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கிறது. அதில் அவள், புதிதாய் வந்திறங்கிய வேறொரு பெண்ணுக்கு வழிகாட்டி நிற்கிறாள். பிறரால் ஏற்கப்படுவதோடு உரிமை நிறைவடைவதில்லை, பிறரை ஏற்பதிலேயே அது நிறைவுறுகிறது என்பதே இப்படத்தின் பொருள் எனலாம்.

பினாங்குச் சூழலில் இக்கருத்து தனி எடை பெறுகிறது. 1816இல் பினாங்கு ஃபிரீ பள்ளியில் தமிழ் வகுப்பு தொடங்கப்பெற்றது. யூன்ஹேயின் பெயருக்கு மட்டும் கிடைத்த இடம், இங்கு நம் மொழிக்கே கிடைத்தது. இன்று நம் மாணவருள் பெரும்பாலோர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்களிடம் இந்நூலை ‘நம் முன்னோர் கதை’ என்று மட்டும் அறிமுகப்படுத்தினால் பாதிப் பொருளே சென்றுசேரும். இதே மாநிலத்தில் ரோஹிங்கியா அகதிக் குழந்தைகள், அரசுப் பள்ளிகளில் சேர வழியின்றிச் சமூகக் கற்றல் மையங்களில் பயில்கின்றனர். மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணையாத நாடு. ஆகவே, கடைசிப் படத்தில் வந்திறங்கும் பெண்ணின் இடத்தில் இன்று நிற்பவர் யார் என்னும் வினாவையும் ஆசிரியர் எழுப்புதல் வேண்டும்.

சொல்லற்ற நூல் என்பதால் ‘தி அரைவல்’ முழுவதையும் மாணவர் தமிழிலேயே சொல்லிக்காட்ட இயலும். மகள் தன் அன்னையிடம் எம்மொழியில் பேசுவாள், வழி கேட்டவளிடம் எம்மொழியில் பேசுவாள் என்று அவர்களையே கேட்கலாம். இரு நூல்களும் விடாமல் விட்ட வினா அது. நம் மாணவர் அன்றாடம் வாழ்ந்து காட்டும் விடையும் அதற்குண்டு.