'பச்ச மண்ணு' நாடகத்தில் சடங்கும் பெண்ணின் கூலியும்

அன்றைய வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தின் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 12 ஊர்களை ஆராய்ந்து, சாபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் 1992இல் வெளியிட்ட கட்டுரை, பெண்சிசுக்கொலை உசிலம்பட்டிக்கு மட்டும் உரியதன்று என்பதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. தொட்டில், பிறந்த குழந்தையைக் காப்பாற்ற முயன்றது; அக்குழந்தை ஏன் வேண்டாதவளானாள் என்று அது கேட்கவில்லை. 1990களின் நடுப்பகுதியில் அ. மங்கையின் நெறியாள்கையில் ஊர்மக்கள் முன் நிகழ்த்தப்பட்ட 'பச்ச மண்ணு' அவ்வினாவைக் கேட்டது.

பச்சமண் என்பது பேச்சுவழக்கில் பிறந்த குழந்தையைக் குறிக்கும். சுடாத மண்ணையும் குறிக்கும். பெண்ணின் பருவங்களைக் கொண்டாடும் சடங்குகளையே நாடகம் தன் கட்டமைப்பாகக் கொள்கிறது. பூப்பு நீராட்டு, திருமணம், வளைகாப்பு ஆகியவை பார்வையாளர் பலமுறை பங்கேற்றவை. ஆகவே கொலை செய்த தாயைத் தனிக் குற்றவாளியாக ஒதுக்கிவிட்டு அவர்களால் எழுந்துசெல்ல இயலாது. சீர் வைத்த கையும் மொய் எழுதிய கையும் அங்கேயே அமர்ந்திருக்கின்றன. அறிவுரை சொல்லும் பிரச்சார நாடகங்களிலிருந்து இது வேறுபடும் இடம் இதுவே. அக்காலப் பெண்ணிய அரங்கின் முதன்மையான சாதனைகளுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

எனினும் வேலூர், ஆம்பூர்ப் பகுதியிலிருந்து நோக்கும்போது இக்கட்டமைப்பின் எல்லையும் புலப்படுகிறது. சடங்குகளின் வரிசையில் பெண் என்றும் செலவாகவே வருகிறாள். வருவாய்க்கு அங்கே சடங்கில்லை. கே.வி.குப்பத்திற்குத் தொலைவிலில்லாத பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் காலணித் தொழிற்சாலைகளில் மேற்பகுதியைத் தைப்போர் பெரும்பாலும் பெண்கள். தன் திருமணத்திற்கான நகையைத் தன் கூலியிலிருந்தே சேர்க்கும் மகளும் வீட்டின் பேச்சில் 'செலவு'தான். வறுமையே காரணம் என்ற எளிய விளக்கம் இவ்விடத்தில் போதாது. அவள் ஈட்டுவது கண்ணுக்குத் தெரிந்தும் கணக்கில் ஏறுவதில்லை.

இக்குறை நாடகத்தின் நோக்கத்தைச் சார்ந்ததன்று, வடிவத்தைச் சார்ந்தது. நீராட்டிலிருந்து வளைகாப்புக்குச் செல்லும் காட்சிவரிசையினிடையே, விடியலில் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாப்பாட்டுப் பையுடன் நிற்கும் பெண்ணை நிறுத்த இடமில்லை. அவளுக்கென ஒரு காட்சி அமையுமானால், மொய் நோட்டுக்கு அருகில் அவளது சம்பளச் சீட்டும் வாசிக்கப்பட்டிருக்கும்.