சங்கின் வளைவும் கணினியின் கோணலும்

கணினியில் வரைந்த வெற்றிலையைக் கண்ட மாத்திரத்தில், அது கணினியில் வரைந்ததுதான் என்று தெரிந்துவிடுகிறது. கோடு அத்தனை சுத்தம். சரி, ஓரத்தைக் கொஞ்சம் கோணலாக்கி இயற்கை மாதிரி ஆக்குவோம் என்றால், வெற்றிலை போய்ப் பூச்சி அரித்த இலை வந்து நிற்கிறது. ஒழுங்கான வடிவத்தைக் கணக்குப் போட்டு ஒழுங்கற்றதாக மாற்றும் வித்தையில் எது தேறும், எது தேறாது என்பதே இக்கட்டுரையின் பொருள். அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். தேவராஜ மொஹல்லாவில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டுப் புத்தகமும் விற்கிறவன். பத்திரிகை ஓரத்துக் கொடியையும் இலையையும் தினம் பார்க்கிற கண் இது. 'இதரல்லி ஜீவா இல்லா ஸ்வாமி' என்று கன்னடத்து வாடிக்கையாளர் ஒருவர் மாதிரிக் கார்டைத் தள்ளிவைத்தால், அந்த ஜீவன் எங்கே போயிற்று என்று தேடத்தானே வேண்டியிருக்கிறது?

முதலில் தேறியதைச் சொல்கிறேன். 1982-இல் ஃபூர்னியே, ஃபஸ்ஸல், கார்பெண்டர் ஆகிய மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் சாரத்தைப் பிள்ளைகள் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். 16 செ.மீ. பக்கமுள்ள முக்கோணம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் உள்ளேயோ வெளியேயோ 4 செ.மீ.க்குள் மனம்போனபடி நகர்த்துங்கள். 3 பக்கம் 6 ஆகிவிடும். அந்த ஆறின் நடுப்புள்ளிகளை 2 செ.மீ.க்குள், அடுத்த சுற்றில் 1 செ.மீ.க்குள் என்று நகர்த்தும் அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். 6 சுற்றில் 192 பக்கம். முக்கோணம் மறைந்து ஒரு தீவின் கரை தெரியும்.

சூட்சுமம் அந்தப் 'பாதி'யில் இருக்கிறது. குறைக்காமல் ஒவ்வொரு சுற்றிலும் 4 செ.மீ. நகர்த்தினால் முள்கம்பிச் சிக்கல்தான் மிஞ்சும். பெரிய வளைவுகளை விட்டுவிட்டுக் கடைசிச் சுற்றை மட்டும் செய்தால், நறுக்கிய தகரத்தின் ஓரம். நான் பார்த்த டிசைன் மென்பொருள்களில் ஓரத்தைக் கரடுமுரடாக்கும் பொத்தான் ஏறக்குறைய இந்தக் கடைசி வேலையைத்தான் செய்கிறது! கார்பெண்டர் 1980-லேயே தம் முறையில் மலைகளை வரைந்து இரண்டு நிமிஷப் படமாகக் காட்டியவர். 1982-இல் வந்த ஸ்டார் ட்ரெக் இரண்டாம் படத்தில் ஒரு கிரகத்து மலைகளும் அவர் கைவண்ணமே.

ஆனால் மலை வேறு, இலை வேறு. மலை மழையிலும் காற்றிலும் தேய்ந்து உருவாவது. இலை வளர்ந்து உருவாவது. அதற்குக் காம்பு உண்டு, நடுநரம்பு உண்டு, நுனி உண்டு. ஓரம் எங்கே வளைந்தாலும் உள்ளே நரம்பு அதற்குக் காரணம் சொல்லும். மலைக்கு வந்த கணக்கை இலைக்கும் பூவுக்கும் போடுகிறவர்கள் மேல் என் குறை இதுதான்: ஓரத்தைக் கெடுக்கிறார்கள், உள்ளே இருப்பதைத் தொடுவதில்லை.

உள்ளே தொட்டவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்துப் பேராசிரியர் டார்சி தாம்ப்சன் 1917-இல் வெளியிட்ட நூலில், ஒரு முட்பேத்தை மீனின் மேல் சதுரக் கட்டம் போட்டார். பிறகு மீனைத் தொடாமல் கட்டத்தை மட்டும் வளைத்தார். கட்டத்தோடு மீனும் வளைந்து, உருவத்தில் எவ்வளவோ மாறுபட்ட சூரியமீன் வந்து நின்றது.

இவருக்கு ஆயிரம் ஆண்டு முன்னால், 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட அமோகவர்ஷ நிருபதுங்கன் காலத்தில் வாழ்ந்த சமணப் பெரியார் மகாவீராசாரியாரும் இப்பக்கம் வந்திருக்கிறார். அவருடைய கணித சார சங்கிரகத்தை எம். ரங்காசாரியார் 1912-இல் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அதில் சங்கு வடிவம் என்பது என்ன? அளவு ஒவ்வாத இரண்டு அரைவட்டங்களை ஒரே விட்டக்கோட்டில் சேர்த்து வைப்பது. மிஞ்சுகிற இடைவெளிதான் சங்கின் வாய். அகலம் 20, வாய் 4 என்றால், வாயில் பாதியைக் கழித்து 18, அதை மூன்றால் பெருக்கிச் சுற்றளவு 54. இது நடைமுறைக் கணக்கு. நுட்பக் கணக்குக்கு மூன்றுக்குப் பதில் பத்தின் வர்க்கமூலம், ஏறத்தாழ 56.92 வரும். இன்றைய கணக்கில் 56.55. நுட்பமும் சற்று மிகைதான், இருக்கட்டும். எதையும் ஆட்டாமல் அசைக்காமல், இரண்டு அளவுகளை ஒவ்வாமல் வைத்த மாத்திரத்தில் வட்டம் சங்காகிவிட்டதே, அதைக் கவனியுங்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரித்திவாசனும் 1974-இல் புள்ளிக் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். கோலத்தைப் படமாகப் பார்க்காமல், போடும் விதியாகப் பார்த்தார்கள். அது பெரிய காரியம். சிரோமணி 1988-இல் காலமானார். மறுவருஷம் அவர் நினைவாக வந்த தொகுப்பில், செடி வளர்ச்சிக்கு லிண்டன்மேயர் வகுத்த இலக்கணத்தைக் கோலத்துக்கும் கர்நாடக இசைக்கும் பொருத்தி, புருசின்கீவிச்சும் கமலா கிரித்திவாசனும் மற்றொருவரும் எழுதியுள்ளனர். செடியும் கோலமும் ஒரே இலக்கணத்தில்!

குறையும் உண்டு. தாம்பரத்தார் கோலத்தில் புள்ளிகள் எல்லாம் இம்மி பிசகாத இடைவெளியில் நிற்கின்றன. அதனால் அச்சு வார்த்த மாதிரி இருக்கிறது. இதைச் சரிசெய்கிறேன் என்று சில கோலச் செயலிகள் இழையை நடுங்க வைக்கின்றன. பழகிய கை அப்படி நடுங்காது. உண்மையில் நடப்பது என்ன? வைக்கும்போதே புள்ளி ஒன்று அரை விரற்கடை தள்ளி விழும். அதைச் சுற்றும் இழைகள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்து, தப்பே தெரியாமல் மூடிவிடும். திரும்பும் இடத்தில் கை நிதானிக்க மாவு கூடுதலாக விழும், நீட்டும் இடத்தில் மெலியும். கோணல் புள்ளியில், விதி இழையில். தாம்ப்சன் வளைத்த கட்டமும் நம் புள்ளியும் ஒன்றுதான்.

நம் தமிழ்க் குடும்பங்களின் வாசல்களில் இப்போது ஸ்டிக்கர் கோலம் வந்துவிட்டது. அழுக்காகாது, தினமும் குனிய வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டியதில் புள்ளியை எந்த வரிசையில் வைத்தார்கள், இழை எங்கே தொடங்கிற்று என்பது தெரியாது. அதைப் பார்த்து வளரும் பெண்பிள்ளை எதைக் கற்கும்?

சங்கத்துக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஏழுக்கு ஏழு, 49 புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றையும் இடைவெளியில் பத்தில் ஒரு பங்குக்குள் நகர்த்திவிட்டு, இழையைத் தாம்பரத்து விதிப்படியே ஓடவிடுங்கள். இழையை நடுங்க வைத்த கோலம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் வீட்டுப் பாட்டியிடம் காட்டுங்கள். எது கைக்கோலம் மாதிரி இருக்கிறதென்று அவர்கள் சொல்லட்டும்.